ஜன்னலில் முளைத்த வெந்தயம்

அறுபதுகளின் கடைசியில், தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் தினமும் எனக்கு எதிரே உட்காருவார் அந்த ஒல்லியான அச்சகத் தொழிலாளி. பிஸ்கட் டின்னில் தானே முளைக்கவைத்த வெந்தயக்கீரையைப் பச்சையாகவே மென்றுகொண்டு வருவார். எனக்கு வயிறு எரியும். பீர்க்கன்கரணையில் கிணற்றோடு இரண்டு கிரவுண்டு நிலம் இருந்தும், நான் போட்ட கீரையெல்லாம் ஆட்டுக்கே போனது.

"ஒரே ரூம்ல குடியிருக்கீங்க, கீரை போட எடம் ஏது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஜன்னல் ஒண்ணு கீது சார், போதும்" என்று சொல்லி ஒரு பொட்டலம் வெந்தயம் தந்தார்.

வீம்புக்கு அதை வீட்டில் மீன் குழம்புக்குத் தாளிக்கக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம், "மொளச்சுதா சார்?" என்றார்.

"ஆடு தின்னுடுச்சு" என்றேன்.

உடனே பையைத் துழாவி இன்னொரு பொட்டலத்தை நீட்டினார். "ஜன்னல்ல வைங்க சார், ஆடு ஏறாது."

வைத்தேன், முளைத்தது. அவரை மன்னிக்கத்தான் இன்றுவரை முடியவில்லை.