சித்தி தொடாத புத்தகம்

அந்தப் புத்தகம் எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் வந்து சேர்ந்தது. என் மாமா செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு அம்மாள் அதைப் பின் சீட்டில் மறந்துவிட்டுப் போய்விட்டாளாம். ஒரு வாரம் வண்டியிலேயே வைத்திருந்தும் தேடி ஆள் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் மீடியம் படிக்கிற ஒரே ஜீவன் நான்தான் என்பதால், “இன்னாவோ ராஜா ராணி கதை மாதிரி இருக்குது, நீ படி” என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் அட்டையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அட்டையில் ஒரு பெண்பிள்ளை குளத்துத் தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள்ளிருந்து இன்னொரு கை அவள் கையைப் பிடிக்க மேலே வந்துகொண்டிருந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் புதிதாக முளைத்த தெருக்களில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவுக்கு அந்த ஆபீஸில்தான் வேலை. அம்மா, அப்பா, நான், அம்மாவின் தங்கையான சித்தி என்று வீட்டில் நான்கு பேர். சித்தப்பா மஸ்கட்டில் இருந்தார். முந்தைய வருஷம் வரை ஐந்து பேராக இருந்தோம். சித்திக்கு ஒரே மகன், என்னைவிட ஒரு வயது சின்னவன். கல்யாணமாகி நெடுநாள் குழந்தையில்லாமல், சபையில் முழங்காலில் நின்று கேட்டு வாங்கிய பிள்ளை என்பதால் சாமுவேல் என்று பெயர் வைத்தாள். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வேலூருக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது ஆம்புலன்ஸில் யாரும் பேசவில்லை என்று அம்மா பின்னால் சொல்லித்தான் தெரியும்.

அதற்குப் பிறகு சித்தி அழுது நான் பார்த்ததில்லை. உபவாசம் ஜாஸ்தியாயிற்று, பேச்சு கம்மியாயிற்று. தட்டில் போட்ட சோற்றை ஒதுக்கி ஒதுக்கி வைப்பாள், கடைசியில் அது அப்படியே இருக்கும்.

புத்தகத்தை முதலில் பார்த்தவள் அவள்தான். நான் கூடத்தில் குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். என்ன கதை என்று கேட்டாள். மந்திரம் கற்றுக்கொள்கிற ஒரு பெண்ணின் கதை என்று நான் வெள்ளந்தியாகச் சொன்னேன். சித்தி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். பாம்பைக் கண்டதுபோல் என்று சொல்லலாம், ஆனால் எங்கள் தெருவில் பாம்பு வந்தபோது அவள் அவ்வளவு பயப்படவில்லை.

சூனியமும் குறிகேட்பதும் கர்த்தருக்கு ஆகாதவை, அவற்றைச் சொல்லும் கதையும் அப்படித்தான், இது இந்த வீட்டில் இருக்கக்கூடாது என்று அன்று குடும்ப ஜெபத்துக்கு முன்னால் அறிவித்தாள். அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. எந்த விஷயத்தையும் ஆபீஸ் ஃபைலில் குறிப்பு எழுதுவதுபோலப் பிரித்துப் பேசுவது அவர் வழக்கம். கதை வேறு, காரியம் வேறு என்றார். கதையில் கொலை வருகிறது, அதற்காகப் படிக்கிறவன் கொலை செய்கிறானா என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நம் வேதத்திலேயே ஒரு ராஜா, செத்துப்போன தீர்க்கதரிசியைக் குறிசொல்கிற பெண்பிள்ளையிடம் போய் எழுப்பிக் கொடுக்கச் சொன்னது இல்லையா, எழுப்பினபோது வந்தது யார் என்று கேட்டவர், தீர்க்கதரிசியின் பெயரைச் சொல்ல வாயெடுத்து, அப்படியே நிறுத்திக்கொண்டார். அது சித்தி மகனின், என் தம்பியின் பெயர். பிறகு அப்பாவே அவசரமாக ஒரு பாட்டை எடுத்தார்.

அம்மா இரண்டு பக்கமும் சேராமல், புத்தகத்தைப் பிடுங்கி பீரோவின் மேல் போட்டாள்.

அடுத்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு பாஸ்டர் வந்தபோது அப்பா விஷயத்தை அவர் முன்னால் வைத்தார். நல்ல மனிதர், யாரையும் நோகடிக்கமாட்டார். பிள்ளைக்குப் பொய் எது, நிஜம் எது என்று தெரிந்தால் படிக்கட்டும், தெரியாவிட்டால் வேண்டாம் என்றார். அப்பா தமக்குச் சாதகமான தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார். அப்போது சுவரோரம் உட்கார்ந்திருந்த சித்தி கேட்டாள்.

“பொய்யா இருந்தா பரவால்ல பாஸ்டர். நெஜமா இருந்துட்டா?”

அவள் விசுவாசத்தைப் பற்றி அன்று வந்திருந்த பெண்கள் வெகுநேரம் பேசிக்கொண்டு போனார்கள்.

சில நாட்கள் கழித்து ஒரு மதியம். காய்ச்சல் அடிப்பதுபோல் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டிருந்தேன். அம்மா கடைக்குப் போயிருந்தாள். தூங்கி விழித்துப் பார்த்தபோது சித்தி பீரோவின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அண்ணாந்து புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தாள். விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து வெளுத்திருந்தன. எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறாள் என்று தெரியவில்லை. நான் அசையாமல் கிடந்தேன். அவள் திரும்பாமலே பேசினாள்.

“முழிச்சிட்டியா?”

நான் ம் கொட்டினேன். அவள் வந்து பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். என் நெற்றியைவிட அவள் கைதான் சுட்டது. பிறகு, அட்டையில் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற கை யாருடையது என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணின் தம்பியுடையது, அவன் செத்துப்போய்விட்டான், அவள் அவனைக் கூப்பிடுகிறாள் என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக்கூடாதோ என்று தோன்றியது. ஆனால் சித்தியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“எப்படிக் கூப்பிட்றா?”

“எடுத்துட்டு வரவா சித்தி? படிச்சிக் காட்றேன்.”

“வேணாம். நான் அதைத் தொடமாட்டேன், தெறந்து பாக்கவும் மாட்டேன். நீ வாயால சொல்லு.”

சொன்னேன். ஒரு கதையை இன்னொருவருக்குச் சொல்கிற சந்தோஷத்தில் நன்றாகவே சொன்னேன். விளக்கு வைக்கிற நேரமாக இருக்க வேண்டும். அசையாத தண்ணீர் வேண்டும். செத்தவர் போட்டுக்கொண்டிருந்த துணி ஏதாவது ஒன்று மடியில் இருக்க வேண்டும். பிறகு அவர் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை திருப்பிச் சொல்லிக் கூப்பிட வேண்டும். போன வழியே திரும்பி வருவதற்காக அப்படி. சித்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வந்தானா?”

“வந்தான்.”

“அப்புறம்?”

அப்புறம் என்ன என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம்வரை படித்திருந்தபோதுதான் புத்தகம் பீரோவுக்கு மேல் போயிற்று. அதை அப்படியே சொன்னேன். சித்தி எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்தாள்.

கார்த்திகை தீபம் வந்தது. அன்று அப்பாவுக்குக் கோயில் பக்கம் கூட்டத்தைக் கவனிக்கிற ட்யூட்டி போட்டிருந்தார்கள். நாங்கள் விளக்கு வைக்கிறவர்கள் இல்லையென்றாலும் மலைமேல் தீபம் ஏற்றுவதை மொட்டைமாடியிலிருந்து பார்க்காமல் இருந்ததில்லை. அந்த ஊரில் அது முடியவும் முடியாது. பொழுது சாய்கிற நேரத்தில் அம்மாவும் நானும் மாடிக்குப் போனோம். எல்லா மாடிகளிலும் ஜனம் நின்றிருந்தது. அத்தனை முகங்களும் மலையைப் பார்த்திருந்தன. மலை மேகத்துக்குள் பாதி மறைந்து, வழக்கத்தைவிடக் கிட்டத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. பேச்சு தானாகவே குறைந்துகொண்டு வந்தது. சித்தியைக் கூட்டிக்கொண்டு வா என்று அம்மா என்னைக் கீழே அனுப்பினாள்.

மாடிப்படி வீட்டுக்குப் பின்புறம் வெளியே இருந்தது. பாதியில் அது திரும்புகிற இடத்தில் ஒரு பல்பு எரியும். அதற்கு நேர் கீழேதான் துணி துவைக்கிற சிமெண்ட் தொட்டி. நான் திருப்பத்துக்கு வந்தபோது கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

“ல்வேமுசா.”

எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் இல்லாத வார்த்தை. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, மறுபடியும் வந்தது. “ல்... வே... மு... சா.” யாரோ வெளியூர்க்காரர் பின்பக்கம் வந்துவிட்டார் என்று நினைத்தேன். மூன்றாம் தரம் கேட்டபோது என் மனசு அதை என்னைக் கேளாமலே திருப்பிப் படித்துவிட்டது. முதுகில் யாரோ ஈரக் கையை வைத்ததுபோல் இருந்தது.

படிக்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். சித்தி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து குனிந்திருந்தாள். மடியில் தம்பி குளிருக்குப் போடுகிற மங்கி குல்லா இருந்தது. அவள் தலையின் பின்பக்கம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் தண்ணீருக்குள் அவள் முகம் முழுதாகத் தெரிந்தது. தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது. அதற்குள்ளிருந்து அவள் கண்கள் இமைக்காமல் என் பக்கமே பார்த்தன.

மேலேயிருந்து அம்மா என் பெயரைச் சொல்லி, எங்கேடி போனே என்று சத்தம் போட்டாள். நான் சுவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த நொடியில் மலையில் தீபம் ஏறியிருக்க வேண்டும். அரோகரா என்று நாலா பக்கத்து மாடிகளிலிருந்தும் ஊரே ஒரே குரலில் எழுந்தது. வாண வெடிகள் கிளம்பின. சித்தி அசையவில்லை. தண்ணீருக்குள் அவள் உதடுகள் திறந்தன.

“வந்துட்டியா?”

ஓட வேண்டும் என்று நினைத்தேன். கால் வரவில்லை. அவள் இன்னும் தணிந்த குரலில் கேட்டாள்.

“குளுருதாடா?”

தம்பியைப் புதைத்த அன்று மழை விடவேயில்லை. வெட்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டேயிருந்தது. பெட்டியை இறக்குவதற்கு முன்னால் வாளியால் இறைத்துக் கொட்டினார்கள், இறைத்த பிறகும் அடியில் நின்றது. அதை அப்போது சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவன் எனக்கும் தம்பிதான், அவனுக்குக் குளிரக்கூடாது என்று எனக்கு இருந்தது.

சித்தி தண்ணீரைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு பெருமூச்சு ஒன்று வந்தது. அது அவளுக்குள் ஒரு வருஷமாக இருந்த மூச்சு.

“சரிப்பா. நீ போ.”

எங்கள் வீட்டில் வாசல்வரைக்கும் போகிறவரைக்கூடப் போய்ட்டு வா என்றுதான் அனுப்புவோம். வெறும் ‘போ’ என்று அவள் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். சொல்லிவிட்டுக் கையைத் தண்ணீரில் விட்டுக் கலைத்தாள். முகம் உடைந்து போயிற்று. நான் மாடிக்கு ஓடி அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். எதற்கு அழுகிறாய் என்று அம்மா கேட்டாள். வெடிச் சத்தம் என்றேன்.

அன்று சித்தி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். குழம்பில் உப்பு கம்மி என்றுகூடச் சொன்னாள். அம்மா பரிமாறுகிற கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். சில நாட்களில் குல்லாவையும் மற்றத் துணிகளையும் துவைத்துக் காயவைத்து, கீழ்பென்னாத்தூரில் மாமா வீட்டுப் பையனுக்கு அனுப்பினாள். பிறகு ஒரு மாலை, புத்தகத்தைப் பிள்ளையிடமே கொடுத்துவிடு அக்கா, கதைதானே, படிக்கட்டும் என்றாள்.

தமது வாதம் ஒருவழியாக ஜெயித்தது என்று அப்பாவுக்குப் பெருமை. நிதானமாக எடுத்துச் சொன்னால் யாரும் புரிந்துகொள்வார்கள் என்று பாஸ்டரிடமே சொன்னார். ஆனால் புத்தகத்தை என் கையில் கொடுத்தபோது நான்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அதில் சொன்னது நடந்ததை நான் பார்த்தவள். அந்த வீட்டில் பிறகு அதைத் தொட்டவர் யாருமில்லை. மாமாவே ஒருநாள் எடுத்துக்கொண்டு போய் ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடை அலமாரியில் வைத்துவிட்டார்.

நான்கைந்து வருஷம், தண்ணீர் நிற்கிற எந்தப் பாத்திரத்துக்குள்ளும் குனிந்து பார்க்கமாட்டேன். பிறகு பள்ளிக்கூடத்தில் ஒளிப் பாடம் நடத்திய டீச்சர் ஒரு கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, இதில் என் கண் உனக்குத் தெரிகிறதென்றால் உன் கண் எனக்குத் தெரிகிறது என்று அர்த்தம் என்றார். வகுப்பு அதை எழுதிக்கொண்டது. நான் எழுதவில்லை. தீபத்தன்று பேன் தொல்லைக்காக எனக்கு ஆண்பிள்ளைபோல் கிராப் வெட்டியிருந்தார்கள். பின்னால் பல்பு. தொட்டித் தண்ணீரில் ஒரு பிள்ளையின் தலை கறுப்பாக எட்டிப் பார்த்திருக்கும். கேட்ட கேள்விக்கு அது இல்லை என்று ஆட்டியும் இருக்கும். சித்தி பாவம், ஏமாந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்படித்தான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்கே ஒரு பிள்ளை இருக்கிறது. அன்று என் செருப்புச் சத்தம் படியில் கேட்டிருக்கும். அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். தலைக்கு மேல் மூன்றடி உயரத்தில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். சித்தி ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும், யாரென்று தெரிந்துபோயிருக்கும். கடைசிவரை அவள் நிமிரவேயில்லை.