இடது பக்கம் பூஜ்யம்

ஹரிதாவுக்கு வகுப்பில் பாதி, கனவில் பாதி என்றுதான் பிழைப்பு ஓடியது. கோவைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் வெப்பக் கடத்தல் பாடம் எடுக்கிறாள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலை ஆட்டும் மதியங்களில் பிள்ளைகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். டீச்சரும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

வயிற்றில் இருந்த மகள் ஐந்தாம் மாதத்தில் போய்விட்டாள். அதிலிருந்து ஹரிதாவின் மனம் எதிலும் ஒட்டவில்லை. கணவன் யஷ்வந்த்தோ மறுவாரமே வார்ப்பட ஆலைக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டான். அழவில்லை. அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. "மாப்பிள்ளை அசையாம நிக்கறாருங்க" என்று சொந்தபந்தம் மெச்சியது. ஹரிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனோடு இனி என்ன குடித்தனம்? கோபிசெட்டிபாளையத்தில் அம்மா வீட்டுக்கே போய்விடுவதென்று பையில் துணிகூட எடுத்து வைத்துவிட்டாள்.

அன்று பலகையில் வெப்பக் கடத்தல் சமன்பாட்டை எழுதினாள்.

"இடது பக்கம், ஒரு இடத்தோட சூடு நேரம் போகப் போக எப்படி மாறுதுங்கறது. வலது பக்கம், அந்த இடம் அக்கம்பக்கத்துச் சராசரியை விட்டு எவ்வளவு விலகி நிக்குதுங்கறது. உலை ரொம்ப நேரமா எரியுது. சுவர்ல எந்த இடத்துலயும் இப்பச் சூடு மாறல. இடது பக்கம் பூஜ்யம். அப்படின்னா?"

முதல் பெஞ்சில் இருந்த கனிஷ்கா எழுந்தாள். "சூடு பாயறது நின்னு போச்சுங்க மேடம்."

வருஷா வருஷம் வரும் தப்பு.

"நிக்கல கண்ணு. உள்ளிருந்து வாரது அத்தனையும் சுவரு வழியா வெளிய போயிட்டேதான் இருக்கு. நடுவுல எதுவும் தங்கல. அதனால மாறாத மாதிரி இருக்குது."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். சாக்பீஸ் விரலில் இருந்தது. பலகை மெல்லக் கரைந்து, அதன் பின்னால் யஷ்வந்த் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பிள்ளைகளுக்குத் திருத்துகிற தப்பை வீட்டில் தானே செய்துவிட்டோமோ என்று அவளுக்குத் திக்கென்றது. மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை.

சாயங்காலம் அவன் வந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். ஹரிதா பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏனுங்க, உங்களுக்கு வலிக்கவே இல்லீங்களா?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள்தான் குழாயை மூடினாள்.

"பேரு வெச்சிருந்தேன் அம்மணி," என்றான். "இளவேனில்னு. வேலைக்குப் போற வழியெல்லாம் அவளைக் கூப்பிட்டுட்டேதான் போறேன்."