கிடாவுக்குத் தைத்த தோல் கவர்

இன்று காலை வேலூரில் எங்கள் ரோபோ முழுசாக ஒரு நிமிடம் ஜெயித்துக்கொண்டிருந்தது.

போட்டி மூன்று நிமிடம்.

ரோபோவின் பெயர் கிடா. சண்டை போடுவதற்கென்றே வீட்டில் செய்தது. செய்தவர்கள் நானும் என் தோஸ்த் சலீமும். இருவருக்கும் ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. அவன் கட்டிங், நான் குவாலிட்டி செக்கிங். (அதாவது அவன் வெட்டுவான், நான் குறை சொல்வேன்.)

போன முறை முதல் சுற்றிலேயே தோற்றோம். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பீட் கன்ட்ரோலர் பழசு. ரிமோட்டில் 'போ' என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் போகும். அதனால் இந்த முறை பெரிசாக, புதுசாக ஒன்று வாங்கினோம்.

என் மனைவி தேவி ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்.

"இந்த வாட்டியும் தோத்துட்டு வந்தீங்கன்னா பின்னாடி ரூம காலி பண்ணிடணும். என் தையல் மிஷின் வராண்டால மழைல நனையுது. உங்க பொம்மை ஃபேனுக்குக் கீழ கீது."

ஆக, கிடா குடியிருக்கும் அறையே பணயம்.

புது கன்ட்ரோலரின் மேல் அலுமினியத் தகடுகள் சீப்புப் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. எங்கள் லைனில் ஓரம் மடிக்காமல் ஒரு துண்டுத் தோல் வெளியே போகாது. இதை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை.

"ஓரமெல்லாம் கத்தி மாதிரி கீதுபா. வயர அறுத்துடும்," என்றான் சலீம்.

உடனே ஒரு தோல் கவர் தைத்துப் போட்டோம். உள்ளே ஃபோம், அதற்கு லைனிங், ஓரத்தில் இரட்டைத் தையல். காற்றுப் புக இடமில்லை. மேலே 'பாஸ்' ஸ்டிக்கரும் ஒட்டினேன். (பழக்கதோஷம்.)

வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது தேவி மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாங்க, தோல் கருகற வாசனை வருது?"

"எங்க சட்டைல இருந்து வருது," என்றேன். ஆம்பூரில் தோல் வாசனைக்கு யார் பயப்படுவார்கள்?

இன்று எதிரே, பக்கத்துக் கலவை ஊரிலிருந்து வந்த இரண்டு பையன்களின் ரோபோ. கிடா ஒரே பாய்ச்சலில் அதைச் சுவரோரம் தள்ளியது. சலீம் என்னைக் கட்டிப்பிடித்தான். நான் பார்வையாளர் வரிசையில் இருந்த தேவியைப் பார்த்து நக்கலாகச் சிரித்தேன். (தேவையா எனக்கு?)

நடுவர் மோப்பம் பிடித்தார். "ஏதோ கருகுதே?"

"எங்க சட்டை சார்," என்றோம் இருவரும்.

கிடா நின்றது. ரிமோட்டை எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை. அடியிலிருந்து புகை வந்தது. நடுவர் பத்து வரை எண்ணி முடித்தார். தோற்றோம்.

"ஒரே பேஜாரா போச்சுபா," என்று சலீம் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கவரைப் பிரிக்கவே முடியவில்லை. தையல் அவ்வளவு உறுதி. வெட்டி எடுத்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. அந்தத் தகடுகள் இருப்பதே சூடு வெளியே போகத்தான். நாங்கள் அதற்கு மெத்தை போட்டுப் போர்த்தி வேகவைத்திருக்கிறோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது கலவைப் பையன்கள் வந்தார்கள். (மோட்டார்தான் புகைந்தது என்று நினைத்துவிட்டார்கள்.)

"அண்ணா, கன்ட்ரோலருக்கு ஒரு லெதர் கவர் போட்டிருந்தீங்களே, செம்மையா கீது. எங்களுக்கும் ஒண்ணு கிடைக்குமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தேவி சொன்னாள்: "அளவு குடுத்துட்டுப் போங்க தம்பி."

இப்போது பின் அறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. கிடா வராண்டாவில் நனைகிறது. அடுத்த போட்டியில் ஜெயித்தால் அறையைத் திருப்பித் தருவதாகத் தேவி வாக்குக் கொடுத்திருக்கிறாள். அந்தப் போட்டிக்கும் கலவைப் பையன்கள் வருகிறார்கள்.

நண்பர்களே, நியாயமாகச் சொல்லுங்கள். கவரில் காற்றுத் துளை விட வேண்டும் என்று தேவியிடம் இன்றே சொல்லவா, போட்டி முடிந்த பிறகு சொல்லவா?