எருமைத் தலையும் என் மூக்கும்

என் மூக்கு வேலையை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பித் தொழிற்சாலையில், துருப்பிடித்த கம்பிச் சுருள்களை ஆசிட் தொட்டியில் முக்கி எடுப்பது என் வேலை. அந்த ஆவியிலேயே நின்று நின்று, பால் தீய்ந்தாலும் சாம்பிராணி போட்டாலும் எனக்கு ஒன்றுதான். இதை நான் யாரிடமும் குறையாகச் சொல்லிக்கொண்டதில்லை. என் மனைவி மட்டும், "கேஸ் லீக் ஆனாகூட உனுக்கு நான்தான் சொல்லணும்" என்று குத்திக் காட்டுவாள்.

கிடைக்கிற மண்டை ஓடுகளைச் சுத்தம் செய்து வெளுக்க வைக்கும் பைத்தியம் எனக்கு செல்போன் வீடியோ பார்த்துப் பிடித்தது. முதலில் கிடைத்தது ஓர் ஆட்டு மண்டை. ஆசிட்டைத் தொடாதே என்று வீடியோவில் சொன்னார்கள். ஆசிட்டைப் பற்றி எனக்கே பாடமா என்ற திமிரில், பாத்ரூம் கழுவும் ஆசிட்டிலேயே ஊறவைத்தேன். கம்பியில் துருவைத் தின்கிற ஆசிட், எலும்பில் எலும்பையே தின்றுவிடுகிறது. மூன்றாம் நாள் எடுத்தால் ரப்பர் மாதிரி வளைந்தது. மனைவி பார்த்துவிட்டு, "இத்தினி வருசம் ஆசிட்ல நின்னு இதான் கத்துக்கினியா?" என்றாள். அது எனக்கு நன்றாகவே உறைத்தது.

சித்திரைக் கடைசியில் ஏரி வற்றியபோது ஓர் எருமைத் தலை அகப்பட்டது. இரண்டு கொம்பும் முழுசாக இருந்தன. தோலும் சதையும் அங்கங்கே காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. கோணியில் சுற்றி பைக்கில் கொண்டுவந்தேன். வாசலிலேயே மனைவி மறித்துக்கொண்டாள். அரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு ஒரு முடிவு சொன்னாள்.

"ஆடி பொறந்தா தெருவே நம்ம ஊட்டாண்ட கூழு குடிக்க வரும். அதுக்குள்ள இதுல நாத்தம் போயிருக்கணும். போச்சா இல்லியானு நான்தான் சொல்வேன். போவலன்னா ஏரியிலயே கொண்டுபோய் போட்டுட்டு வந்துடு. இனிமே ஒரு மண்டையும் இந்த ஊட்டுக்குள்ள வரக்கூடாது."

ஒப்புக்கொண்டேன். வேறு வழியில்லை.

இந்த முறை ஆசிட் பக்கமே போகவில்லை. வேகவைக்கவும் இல்லை. வேகவைத்தால் கொழுப்பு எலும்புக்குள் இறங்கி, பிறகு மஞ்சளாகக் கசியுமாம். பின்புறத்தில் நீல டிரம்மில் வெறும் தண்ணீரில் மூழ்கவைத்து மூடினேன். சதை தானாக அழுகிக் கழன்றுவிடும். நாலைந்து நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். உதிர்ந்த பல் ஓடிவிடாமல் பழைய கொசுவலையில் வடிகட்டி, முருங்கை மரத்தடியில் ஊற்றினேன். என்னைக் கேட்டால் அது சுத்தமான வேலை. ஆனால் நான் மூடியைத் திறந்தால் போதும், தெருவில் ஜன்னல்கள் வரிசையாகச் சாத்தப்படும் சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்து, "இன்னாண்ணா, எலி ஏதாச்சும் செத்துக் கெடக்குதா?" என்றார். எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லையே என்றேன். அது பொய் இல்லை.

ஐந்தாவது வாரம் கொம்புகளின் மேலுறை இரண்டும் கையோடு கழன்று வந்தன. அவற்றைத் தனியே கழுவிக் காயவைத்தேன். எலும்பில் ஒரு துணுக்குச் சதை இல்லை. முடிந்தது என்று மார்தட்டிக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டேன். அவள் சமையலறை வாசலைத் தாண்டவே இல்லை. "நாத்தம் கீது," என்றாள். பாத்திர சோப்பு கரைத்த தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைத்தேன். "இன்னும் கீது." மறுபடி ஒரு வாரம். "லேசா கீது." வேண்டுமென்றே சொல்கிறாளோ என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வேறு யாரைக் கேட்பது? அந்தத் தெருவில் அவ்வளவு பக்கம் வரத் தயாராக இருந்த ஒரே மூக்கு அவளுடையதுதான்.

ஆனிக் கடைசியில், கெமிக்கல் கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கித் தண்ணீர் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு தலையை அதில் அமிழ்த்தினேன். துளைக்குத் துளை நுரை பொங்கியது. இரண்டு நாள் கழித்து எடுத்துக் காயவைத்தேன். கோலமாவு வெள்ளை. உதிர்ந்த பற்களைப் பசை போட்டு ஒட்டினேன். கொம்புகளை மாட்டினேன். ஆடிக்கு முந்தின நாள் அதைக் கூடத்தில் வைத்துவிட்டு ஓரமாக நின்றேன்.

மனைவி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எருமையின் மூக்கு ஓட்டைக்குள்ளேயே தன் மூக்கை வைத்து மோந்தாள். கொம்படியில் மோந்தாள். திருப்பிப் போட்டு மோந்தாள்.

"ஒண்ணுமே இல்ல," என்றாள்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். ஒரு வாசனையும் இல்ல."

நானும் குனிந்து மோந்து பார்த்தேன். அவளுக்கு வந்த அதே வாசனைதான் எனக்கும் வந்தது. இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரு பொருளை ஒரே மாதிரி மோந்தது அன்றைக்குத்தான். சின்னப் பிள்ளை மாதிரி குதிக்கலாம் போல இருந்தது. அவள் முன்னால் குதிக்கவில்லை.

மறுநாள் கூழ் குடிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், சொம்போடு அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"சூப்பரா கீதே, எங்கண்ணா வாங்கின?"

நான் வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"வாங்கறதா? எங்க ஊட்டுக்காரரு பண்ணது. வேணும்னா மோந்து பாருப்பா."