எரிமலைக்குப் பக்கத்தில் நிலையம் பார்த்தது

எங்கள் அப்பாவுக்கு எந்தக் காரியத்தைத் தொடங்குவதற்கும் முதலில் ஒரு புத்தகம் வேண்டும். எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் சிட்னியில், டூங்கபியில் குடியிருந்தோம். நூல்நிலையத்திலிருந்து அவர் கொண்டுவந்த புத்தகம் ஒன்றில், குவீன்ஸ்லாந்தின் வடக்கே ஓர் எரிமலை இருப்பதாக எழுதியிருந்தது. எப்போதோ வெடித்து, அணைந்து, வாய் நிறையத் தண்ணீர் கட்டி ஏரியாகிப்போன எரிமலை. சுற்றிவர மழைக்காடு. அதைத் தேசியப் பூங்கா ஆக்கி வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் விடுமுறைக்கு அங்கேதான் போவது என்று அப்பா தீர்மானித்தார். எனக்கு அப்போது எட்டு வயது.

போவதில் ஒருவருக்கும் மறுப்பில்லை. எங்கே தங்குவது என்பதில்தான் கரைச்சல். அம்மாவுக்குச் சமைக்க ஒரு குசினி வேண்டும். "மூண்டு நாளும் கடைப் பாணைத் திண்டுகொண்டு இருந்தால் எரிமலை என்ரை வயித்துக்குள்ளதான் வெடிக்கும்" என்றார். மாமாவுக்கு யன்னலைத் திறந்தால் ஏரி தெரிய வேண்டும். மாமா என்றால் அம்மாவின் தம்பி. படிப்பதற்கென்று ஊரிலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பகலில் படித்தார், மிச்ச நேரமெல்லாம் அப்பாவைப் பகிடி பண்ணினார்.

"அத்தான், புகையாத எரிமலையைப் பாக்க மூண்டு நாள் கார் ஓடுறதோ? அக்கா மிளகாய் வறுக்கேக்க குசினிக்குள்ள நிண்டால் காணுமே!"

அப்பா பகிடிக்கு மறுமொழி சொல்லமாட்டார். புத்தகத்தில் இருந்த விடுதிகளில் மூன்றைத் தெரிந்தெடுத்து ஒரு கொப்பியில் ஒழுங்காக எழுதினார். முதலாவது, காட்டோரத்தில் விறாந்தை வைத்த பழைய மரவீடு. குசினியும் உண்டு, ஏரியும் தெரியும். இரண்டாவது, ஊருக்குள் ஒரு மோட்டல். மூன்றாவது, எரிமலையின் வாய்க்கு ஆகக் கிட்ட, சக்கரத்தில் நிற்கும் வண்டிவீடுகளை வாடகைக்கு விடுகிற கரவன் பார்க். அதற்குப் பக்கத்தில் மட்டும் கேள்விக்குறி ஒன்று போட்டிருந்தார்.

முன்கூட்டியே கதைத்து இடம் பிடித்துவைக்க அவர் சம்மதிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுவதற்கு முன் வளவுக்குப் போய்த் திசை பார்த்து, வாசல் எந்தப் பக்கம், கிணறு எந்தப் பக்கம் என்று நிலையம் எடுப்பார்கள். அந்த வழக்கத்தில் வளர்ந்த மனிதர், மூன்று நாள் தங்குகிற இடத்தைக்கூடக் கண்ணால் காணாமல் எடுப்பாரா?

மூன்றாம் நாள் பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். மரவீட்டின் படலையில் 'இடமுண்டு' என்ற பலகை தொங்கியது. விறாந்தையில் சாம்பல் நிறப் பூனை ஒன்று கால் நீட்டிப் படுத்திருந்தது. அப்பா காரை நிறுத்தினார். சீப்பால் தலையை இழுத்து, சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டு, எங்களைக் காருக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு நடந்தார். ஒரு வெள்ளைக்கார அம்மையார் கதவைத் திறந்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் தோளுக்கு மேலால் காருக்குள் இருந்த எங்களைப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகியிராது, அப்பா திரும்பி வந்துவிட்டார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

அப்பா காரின் கண்ணாடியில் பின்சீட்டில் இருந்த என்னைப் பார்த்தார். பிறகுதான் பதில் வந்தது.

"நிலையம் சரியில்லை. தெற்கு வாசல். போதாததுக்கு எரிமலை திரும்ப வெடிச்சால் நெருப்புக் குழம்பு நேரே இந்த வீட்டுக்குள்ளாலதான் ஓடும்."

கார் புறப்பட்டது. நான் பின்பக்கக் கண்ணாடியால் பார்த்தேன். அம்மையார் படலைக்கு வந்து பலகையை மறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பா ஆபத்தைச் சொல்லியிருக்கிறார். பாவம், அந்த மனுசி மூட்டை கட்டப்போகிறார். இப்படிப் படித்த அப்பா எத்தனை பிள்ளைகளுக்கு வாய்ப்பார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மோட்டலிலும் நிலையம் சரிவரவில்லை. அங்கே நின்றவர் கொஞ்சம் நல்ல மனிதர் போலும். வாசல்வரை வந்து கையை விரித்து, தலையை ஆட்டி, அப்பாவுக்கு நெடுநேரம் ஏதோ சொன்னார். அப்பா சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டு நின்றார். கார்கள் விடுகிற முற்றத்தில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

"இஞ்ச நிலம் சுடுது" என்றார் அப்பா, வந்து ஏறியதும். "சப்பாத்துக்குள்ளாலயே தெரியுது."

மாமா வாயைத் திறந்தார். முன்சீட்டிலிருந்து அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மாமாவின் வாய் அப்படியே மூடிக்கொண்டது.

"ஓம், ஓம். காருக்குள்ள இருந்த எனக்கே காலெல்லாம் சுட்டது" என்றார் அம்மா.

கடைசியில் கேள்விக்குறி போட்ட இடம்தான். கரவன் பார்க்கை நடத்தியவர் மால்டாத் தீவிலிருந்து வந்து குடியேறிய ஒரு கிழவர். அவர் எங்களிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி: எத்தனை நாள்? பதிலைக்கூடச் சரியாகக் கேட்காமல், தோட்டத்துத் தக்காளி ஒரு பை நிறைய அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கரவனுக்குள் ஒரு மூலையில் அடுப்பும் இருந்தது. அம்மா உடனே உலையை வைத்துவிட்டார்.

எனக்கு மட்டும் பயம். எரிமலையின் வாய் கூப்பிடுதூரத்தில்.

"அப்பா, இதுதானே ஆகக் கிட்ட?"

"கிழக்கு வாசல், பிள்ளை. ஒண்டும் செய்யாது."

"அத்தான், இதுக்குச் சில்லு இருக்குது" என்றார் மாமா. "வேணுமெண்டால் வாசலை நாளைக்கு வடக்காலயும் திருப்பலாம்."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அன்றைய பின்னேரம் முழுவதிலும் அவர் அப்படிச் சிரித்தது அப்போதுதான்.

அடுத்த நாள் காலை பால் வாங்க எல்லோருமாகக் காரில் ஊருக்குள் போனோம். வழியில் மரவீட்டைக் கடந்தபோது கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். பலகையில் மறுபடியும் 'இடமுண்டு'! பூனையும் அதே இடத்தில். அந்த மனுசி அப்பாவின் சொல்லைக் கேட்கவேயில்லை.

கடைக்குள் போனால், அவரே முன்னால் நின்று பாண் வாங்கிக்கொண்டிருந்தார். உயிர் போகிற விஷயத்தில் வெட்கப்பட நேரமில்லை. நேரே போய் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். பள்ளிக்கூடத்தில் பழகிய ஆங்கிலத்தில், கடை முழுவதும் கேட்க நான் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

"நேற்று எங்கள் அப்பா உங்கள் வீட்டைப் பார்த்தார். அது கூடாத வீடு. வாசல் பிழை. நெருப்பு வருகிற வழி. அதனால்தான் நாங்கள் உங்கள் வீட்டை வேண்டாமென்றுவிட்டோம். நீங்களும் அதில் இருக்கவேண்டாம். பூனையையும் கொண்டு போங்கள்."

அம்மையாரின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு போனது. கடைக்காரர் ஒன்றும் அறியாதவராக அவரைப் பார்த்து, "நேற்று ஆட்கள் கேட்டு வந்தார்களா? ஒரு மாசமாக ஒருவரும் வரவில்லை என்றல்லவா சொன்னீர்கள்?" என்றார்.

அம்மையார் திரும்பினார். அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைச் சற்றுச் சாய்த்து, மிக மரியாதையாகக் காலை வணக்கம் சொன்னார். அவ்வளவுதான், அந்த மனுசி பாணை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். தகரப் பேணிகள் அடுக்கியிருந்த தட்டுக்குப் பின்னால் யாரோ தேம்புவதுபோலக் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மா சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சரியான கோபம். "அவ தாங்க்யூ கூடச் சொல்லேல்லை!"

"சொல்லாட்டிலும் அவவுக்கு விளங்கியிருக்கும்" என்றார் மாமா. அந்த ஒரு தடவை அவர் குரலில் பகிடி இருக்கவில்லை.

காரடிக்கு வந்ததும் அப்பா முன்கதவைத் திறந்து, என்னைத் தூக்கித் தனக்குப் பக்கத்துச் சீட்டில் இருத்தினார். அது அம்மாவின் இடம். அம்மா மறுபேச்சுப் பேசாமல் பின்னால் போய் ஏறினார். அப்பா காரை எடுக்காமல் என் பக்கம் திரும்பினார். பிறகு என் இரட்டைப் பின்னலில் ஒன்றைப் பிடித்து மெல்ல ஆட்டினார்.

ஓர் ஆளைக் காப்பாற்றினால் முன்சீட் கிடைக்கும் என்று அதற்குப் பிறகு நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். காப்பாற்றியது என்னவோ உண்மைதான். ஆளைத்தான் மாறி நினைத்துவிட்டேன். அந்த ஆள் எனக்குப் பக்கத்தில் இருந்து கார் ஓட்டினார்.