ஓரம் மட்டும்

அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தவர்கள் தையல் ஆலையில் வேலை பார்த்த பெண்கள். தைத்து முடித்த சட்டைகள் கடைசியாக வந்து சேரும் மேசை அவருடையது. காலரைத் திருப்புவார், கைமடிப்பை இழுத்துப் பார்ப்பார், பக்கத் தையலை வெளிச்சத்தில் பிடிப்பார். ஒரு நூல் துருத்திக்கொண்டிருந்தாலும் போச்சு, சட்டை 'ஆல்ட்டர்' கூடைக்குப் போய்விடும். தைத்தவளே தையலைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். கெஞ்சினாலும் கொஞ்சினாலும் மசிய மாட்டார். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி. அது அவர் காதுக்கும் எட்டத்தான் செய்தது. உள்ளூரப் பெருமைதான், வெளியே காட்டிக்கொண்டதில்லை.

இப்படிப்பட்ட கண்ணோடு ஒருவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் வீடுதான் மாட்டிக்கொள்ளும். கணவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும். ஜன்னல் திரையின் மடிப்பு விரற்கடை இறங்கியிருக்கிறது என்று பிரித்துத் தைத்தார். தலையணை உறைகளைப் பிரித்துத் தைத்தார். கொஞ்ச நாளில் அந்த வீட்டில் கோணலாக எதுவுமே மிச்சமில்லை. அப்புறம் மதியத்தை எப்படித் தள்ளுவது என்று தெரியாமல் அவர் தவித்ததை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை.

கீழ் வீட்டில் கொழுந்தனின் குடும்பம். கொழுந்தன், அவர் மனைவி, ஒரே மகள். ஓரகத்திக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆரம்பசூரி. சுருக்கமாகச் சூரி. வைத்தது கட்டிய கணவன், ஊரெல்லாம் பரப்பியது பெற்ற மகள். எதையும் தடபுடலாக ஆரம்பிப்பாள், பாதியில் அம்போவென்று விட்டுவிடுவாள். மெழுகுவத்தி செய்கிறேன் என்று கிளம்பி நல்ல பாத்திரம் ஒன்றைப் பாழாக்கினாள். பூத்தையல் போட்ட மேசை விரிப்பில் ஒரு மூலையில் மட்டும் பூ இருந்தது, மற்ற மூலைகள் இன்றுவரை காத்திருக்கின்றன. வண்ணம் தீட்டிய கண்ணாடிக் குப்பிகள் கழுத்துவரை நீலமும் அதற்கு மேல் வெறுமையுமாக அலமாரியில் நின்றன.

"எங்கம்மா செஞ்சு முடிச்ச ஒரே பொருள் நான்தான். அதுவும் குறைமாசம்," என்பாள் மகள். விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சூரியும் கூடவே சிரிப்பாள்.

மகளுக்கு எங்கோ தொலைவில் வேலை கிடைத்தது. குளிரான ஊர், விடுதியில் தங்க வேண்டும். செய்தி வந்த மறுநாள் சூரி ஒரு பை நிறையக் கம்பளி நூலும் கொக்கி ஊசிகளுமாக மாடிக்கு ஏறி வந்தாள்.

"அக்கா, அவளுக்கு ஒரு குரோஷே போர்வை போடப் போறேன். இங்க உக்காந்து போட்டுக்கறேன்."

"ஏன், கீழ இடமில்லையா?"

"கீழன்னா ஆரம்பிக்கறப்பவே சிரிப்பா. முடிச்சு, அவ கிளம்பறப்ப கையில குடுக்கணும். இந்த ஒண்ணையாவது முடிக்கணும்க்கா."

"சிரிச்சா சிரிக்கட்டும். நீயும் சேர்ந்துதானே சிரிக்கற."

"சிரிக்கறேன்க்கா. வேற என்ன பண்றது?"

அந்தப் பதிலைப் பூதக்கண்ணாடி அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை. அவர் கண் முழுக்க ஊசியின் கொக்கியில்தான் இருந்தது.

இருவருக்குமே குரோஷே தெரியாது. கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, அதில் ஒரு பெண் போட்டுக்காட்டுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். நூலைச் சுழற்றி, கொக்கியால் இழுத்து, ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி. சூரி முதல் நாளே போர்வையை ஆரம்பித்துவிட்டாள். பூதக்கண்ணாடி ஒரு வாரம் வெறும் சங்கிலியாகவே போட்டார். போடுவார், பார்ப்பார், நூல் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு, மொத்தமும் அவிழ்ந்துவிடும். மறுபடி போடுவார். குரோஷேயில் அவருக்கு மிகவும் பிடித்ததே அதுதான் என்று தோன்றுகிறது. தையலைப் பிரிக்கக் கத்தி வேண்டும், துணியில் துளை தெரியும். இதில் தடயமே இருக்காது.

தினமும் மூன்று மணி வாக்கில் படியில் செருப்புச் சத்தம் கேட்கும். சூரி வெறுங்கையோடு வந்ததில்லை. வீட்டு ஓவனில் அவள் சுடும் கேக்குக்கு நடுவில் ஒரு பள்ளம் விழும். அதில் ஜாமை ஊற்றி, "இது குளம் கேக்," என்று பெயர் சூட்டிக் கொண்டு வருவாள். பூதக்கண்ணாடியும் ஒரு நாள் கேக் செய்தார். தராசில் நிறுத்த மாவு, நிறுத்த வெண்ணெய். மேல்பக்கம் மேசைபோலச் சமமாக வந்தது. சூரி அழகு அழகு என்று சொல்லிவிட்டு ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டாள். குளம் கேக்கில் இருவரும் தட்டை வழித்துச் சாப்பிடுவார்கள்.

போர்வை மெல்ல வளர்ந்தது. சூரியின் கை ஒரு நாள் போல் ஒரு நாள் இருக்காது. சில வரிசை இறுக்கம், சில வரிசை தொளதொள. "இங்க பாருங்க, கல்லு மாதிரி இருக்கா? அன்னிக்கு உங்க கொழுந்தனோட சண்டை," என்று தடவிக் காட்டுவாள். "இது அவ கிளம்பற தேதி போட்டுக் கடுதாசி வந்த பிறகு போட்டது, கை நிக்கவே இல்ல." அதைவிடப் பெரிய சங்கடம் ஓரத்தில் இருந்தது. வரிசை முடிந்து திரும்பும்போது கடைசிக் கண்ணியை அவள் மறந்துவிடுவாள். போர்வை குறுகிக்கொண்டே போகும். குறுகியது தெரிந்ததும் இரண்டு மூன்று கண்ணிகளைச் சேர்த்துப் போட்டுவிடுவாள். அது பக்கவாட்டில் வீங்கிக்கொள்ளும்.

முதல் தடவை பூதக்கண்ணாடி சொல்லிப் பார்த்தார். "மூணு வரிசை பிரிச்சா சரியாயிடும். நான் பிரிச்சுத் தரேன்."

சூரி போர்வையை மடியோடு அணைத்துக்கொண்டாள். "வேணாம்க்கா. பிரிச்சா நான் எந்திரிச்சுப் போயிடுவேன். எனக்கே என்னைத் தெரியும். எல்லாத்தையும் அப்படித்தான் விட்டேன்."

பூதக்கண்ணாடி வாயை மூடிக்கொண்டார். தன் வாழ்நாளில் கோணலான ஒன்றைப் பார்த்துவிட்டு அவர் சும்மா இருந்தது அந்த ஒரு முறைதான். அது எவ்வளவு நல்ல காரியம் என்று அப்போது அவருக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மகள் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, சமையலறைத் தரையில் சிந்திய எண்ணெயில் சூரி வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டோடு, மகள் வெளியே போன நேரம் பார்த்து மாடிக்கு வந்தாள். இடது கையில் போர்வைப் பை. முகத்தில் வலியைக் காணோம், பரீட்சை எழுதி முடித்தவளின் முகம்.

"முந்தா நாள் ராத்திரி அவ தூங்கினப்புறம் கீழயே பின்னி முடிச்சுட்டேன்க்கா. சுத்தி ஓரம் மட்டும்தான் பாக்கி. அதை மட்டும் போட்டுக் குடுத்துடுங்க."

"வெச்சுட்டுப் போ. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை அவர் கட்டிலில் போர்வையை விரித்தார். ஓரம் போட உட்கார்ந்தவருக்கு ஊசியை எங்கே நுழைப்பது என்றே பிடிபடவில்லை. பக்கம் ஒரு இடத்தில் உள்ளே போயிருந்தது, இன்னொரு இடத்தில் வெளியே வந்திருந்தது. இந்தப் பெண் இதைத் தூக்கிக்கொண்டு போய் விடுதியில் நாலு பேர் முன்னால் விரிப்பாள், எல்லோரும் சிரிப்பார்கள், சூரிக்குத் தலைகுனிவு என்று நினைத்தார். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் கை அதற்கு முன்பே நூல் நுனியைத் தேட ஆரம்பித்திருந்தது.

மேலே இருக்கும் கொஞ்சத்தை மட்டும் பிரித்துச் சரிசெய்யலாம் என்றுதான் தொடங்கினார். அந்தத் தப்பு அதற்குக் கீழே இருந்த வரிசையிலிருந்து வந்திருந்தது. அதைப் பிரித்தால் அதற்கும் கீழே. இன்னும் ஒரு வரிசை, இதோ இன்னும் ஒன்று. நூல் சரசரவென்று வந்தது, எங்கும் சிக்கவில்லை, அவர் கையும் நிற்கவில்லை. சண்டை போட்ட நாளும் போனது, கடுதாசி வந்த நாளும் போனது. நிமிர்ந்து பார்த்தபோது மடியில் வளைந்து நெளிந்த நூல் குவியல் மட்டும் இருந்தது.

அப்போதே கீழே போய்ச் சொல்லியிருக்கலாம். சூரி அழுதிருப்பாள், திட்டியிருப்பாள், ஆனாலும் ஒரு வழி பிறந்திருக்கும். அவர் போகவில்லை. கதவைத் தாழ்போட்டுக்கொண்டு முதல் கண்ணியிலிருந்து ஆரம்பித்தார். சோறு வடிக்காமல் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டு, விரல் வீங்க வீங்கப் போட்டார். தன் பிழையை இதைவிட நேர்த்தியாக யாரும் மறைத்திருக்க முடியாது. போர்வை அளவெடுத்ததுபோல் நான்கு பக்கமும் நேராக வந்தது.

மகள் கிளம்புவதற்கு முந்தின நாள் கீழே கொண்டுபோய்க் கொடுத்தார். சூரி இடது கையால் தடவினாள். எதையோ தேடுவதுபோல் ஒரு பக்கத்தைப் புரட்டினாள், மறு பக்கத்தைப் புரட்டினாள். அவள் முகம் மாறியதை அந்தக் கண்கள் கவனிக்காமல் இருக்குமா?

"ஓரம் நல்லா வந்திருக்குக்கா," என்றாள். சற்றுப் பொறுத்து, "உள்ளயும் கொஞ்சம் சரி பண்ணீங்களா?" என்றாள்.

"கொஞ்சம்," என்றார் பூதக்கண்ணாடி.

சூரி தலையை ஆட்டினாள். போர்வையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மாலையில் மகள் போர்வையை விரித்துப் பார்த்தாள். "ஐயோ, எவ்வளவு அழகு. பெரியம்மா, நீங்க போட்டதுதானே?" என்று நேரே இவரிடம் திரும்பினாள். இவர் வாய் திறப்பதற்குள் சூரி முந்திக்கொண்டாள். "நான் ஆரம்பிச்சேன். பெரியம்மா முடிச்சாங்க."

"அதானே பாத்தேன்," என்றார் கொழுந்தன். எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை சூரி சிரிக்கவில்லை. தேநீர் போடப் போகிறேன் என்று மாவுக்கட்டோடு உள்ளே போனாள்.

நான் ஆரம்பித்தேன் என்று அவள் சொன்னது தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள இல்லை, இவரைக் காப்பாற்றத்தான் என்று பூதக்கண்ணாடிக்கு அன்றே புரிந்தது. புரிந்தும் பேசாமல் நின்றதுதான் அவரை இன்றுவரை அறுக்கிறது.

மாவுக்கட்டை எடுத்த பிறகும் சூரி மாடிக்கு வரவில்லை. சண்டை என்று சொல்ல முடியாது. படியில் பார்த்தால் "சாப்பிட்டீங்களாக்கா?" என்பாள். உடம்பு சரியில்லை என்றால் கஞ்சி கொடுத்து அனுப்புவாள். "வாயேன், ஏதாவது போடலாம்," என்று இவர் கூப்பிட்டால், "கை இன்னும் முழுசா வரலக்கா," என்பாள். ஆனால் அந்தக் கையால்தான் துணி பிழிந்தாள், மாவு பிசைந்தாள். யாருடைய பிறந்தநாளுக்கோ கடையிலிருந்து கேக் வாங்கி வந்தாள். நடுவில் பள்ளமே இல்லாத கேக். எதையும் அவள் ஆரம்பிப்பதாகத் தெரியவில்லை. வீட்டில் கேலி செய்ய மகளும் இல்லை, விஷயமும் இல்லை. மூன்று மணிக்குப் படியில் சத்தம் கேட்டால் பூதக்கண்ணாடி எழுந்து போய்க் கதவைத் திறப்பார். பால்காரராக இருக்கும்.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் விடுதியிலிருந்து இவர் கைபேசிக்குக் கூப்பிட்டாள். அம்மாவை விசாரித்தாள், அப்பாவின் மூட்டுவலியை விசாரித்தாள். வேலையில் சேர்ந்த புதிதில் எதுவும் தோன்றவில்லை, இப்போதுதான் வீட்டு நினைப்பு வாட்டுகிறது என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"பெரியம்மா, ஒண்ணு கேக்கணும். அம்மா ஆரம்பிச்சதா சொன்னாங்களே, அது எந்தப் பக்கம்?"

"எதும்மா?"

"போர்வைலதான். ராத்திரி போத்திக்கறப்ப எல்லாம் தேடிப் பாக்குறேன். அம்மா போட்டதுன்னா கண்டிப்பா கோணலா இருக்கும், கண்டுபிடிச்சுடலாம்னு நினைச்சேன். முழுக்க ஒரே மாதிரி இருக்கு. அம்மாகிட்ட கேட்டா வேற பேச்சு பேசறாங்க. அந்தப் பக்கத்தை முகத்துகிட்ட வெச்சுக்கலாம்னுதான் கேக்குறேன்."

பூதக்கண்ணாடி நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஏதாவது ஒரு மூலையைச் சொன்னால் போதும், பெண் நிம்மதியாகத் தூங்குவாள். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"எந்தப் பக்கமும் இல்லம்மா. முழுசையும் உங்கம்மாதான் போட்டா. முடிச்சே குடுத்துட்டா. ஓரம் மட்டும் போடச் சொன்னா. நான் எல்லாத்தையும் பிரிச்சுட்டேன்."



"அம்மா முடிச்சுட்டாங்களா?"

"முடிச்சுட்டா."

"ஏன் பெரியம்மா பிரிச்சீங்க?"

"கோணலா இருந்துச்சு."

"இருந்துட்டுப் போகட்டுமே பெரியம்மா," என்றாள் அவள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள்.