சாம்பிராணிப் புகையில் கந்தகக் குச்சி

காலை ஆறேகால். ஐஸ் கம்பெனியின் இயந்திர அறை வாசலில் வெள்ளைப் புகை தெரிந்தது. அமோனியா என்று நினைத்து நின்றுவிட்டேன். காற்று திரும்பியதும் சாம்பிராணி மணத்தது.

இரண்டாம் உலக யுத்த காலம். தேனியில் அந்தக் கம்பெனியில் நான் கணக்கெழுதினேன். இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் என் அக்காளின் கணவர். குழாய்களில் அமோனியா குறைந்து ஐஸ் இறுகவில்லை. வீரபாண்டித் திருவிழா நெருங்கிவிட்டது. மதுரையிலிருந்து வந்திருந்த சிலிண்டரை மாட்டி அன்றே வாயு ஏற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை என்பதால் முதலாளியே தூபக்காலை எடுத்து, இயந்திரத்தை மூன்று சுற்று சுற்றியிருந்தார்.

அமோனியா கண்ணில் பட்டால் பார்வை போகும். அதனால் வாயு ஏற்றும்போது கந்தகக் குச்சியைக் கொளுத்தி ஒவ்வொரு இணைப்பாகக் காட்டுவார்கள். கசிகிற இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். அன்று அறை முழுவதும் வெள்ளைப் புகைதான் நின்றது.

மச்சான் கோணிச் சாக்கை எடுத்துப் புகையை வெளியே விசிறப் போனார். முதலாளி தடுத்தார்.

"சாமிக்குக் காட்டுன புகைய யாராச்சும் வெரட்டுவாகளாப்பா? அது தானாப் போகும். நீ வேலையப் பாரு."

புகை போகும்வரை பொறுக்கலாமா என்று மச்சான் கேட்டுப் பார்த்தார். முதலாளி வாசலில் நின்று, ஐஸ் வாங்க வண்டி வருகிறதா என்று சந்தை ரோட்டைப் பார்த்தார்.

மச்சான் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டார். என்னை வாளித் தண்ணீரோடு வாசலில் நிறுத்தினார்.

"மாப்ள, நான் கூப்ட்டாலும் உள்ள வராத. தண்ணி மட்டும் இங்கன இருக்கட்டும்."

கந்தகக் குச்சியைக் கொளுத்திக்கொண்டு உள்ளே போனார். சிலிண்டரின் திருகு முனகியது. பிறகு சீறல் கேட்டது. புகைக்குள் அவர் கால்கள் மட்டும் தெரிந்தன. அவை ஓர் இணைப்பிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தன, நின்றன, மறுபடி முதல் இணைப்புக்கே திரும்பின. சாம்பிராணியை மீறி ஒரு நெடி வந்து என் கண்ணைக் கரித்தது. நான் அவரைக் கூப்பிட்டேன். திருகு மூடும் சத்தம் கேட்டது. சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். இமைகள் இறுக மூடியிருந்தன.

கண்களைப் பிரித்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினேன். வாளி தீர்ந்தது. முதலாளி ஓடிப்போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். எந்த இடத்தில் கசிகிறது என்று கேட்டார்.

"தெரியல மொதலாளி. எங்கன காட்டுனாலும் புகைதான்."

மறுநாள் மதுரையிலிருந்து வேறோர் ஆள் வந்து வாயு ஏற்றினார். மச்சானின் வலது கண்ணுக்குப் பார்வை திரும்பவில்லை.